மூணாம் நிலைக்கும் நாலாம் நிலைக்கும் நடுவுல ஒரு வால்

ஒரு காட்டில் ஒரு குளம் இருந்துச்சு. குளம்னு பேருதான். சித்திரையில பார்த்தா குளம், வைகாசியில பார்த்தா குட்டை, ஆனி பொறந்தா யாரோ துண்டைப் பிழிஞ்சுட்டுப் போன மாதிரி ஒரு ஈரம். அவ்வளவுதான்.

அந்தக் குளத்துல தலைப்பிரட்டைங்க படிச்சுக்கிட்டு இருந்துச்சுங்க. தவளையாகுற படிப்பு. முட்டையில ஆரம்பிச்சு, வால் முளைச்சு, கால் முளைச்சு, வால் சுருங்கி, கடைசியில கரையேறணும். பூட்டன் காலத்துலேர்ந்து சிலபஸ் மாறல. யாரும் ஃபெயில் ஆனதும் இல்ல. பாம்பு முழுங்கினதையெல்லாம் ஃபெயில்னு சொல்ல முடியாது, அது டிராப் அவுட்.

யாரும் ஃபெயில் ஆகாத படிப்புன்னா அதை அப்படியே விட்டுர முடியுமா? சீர்திருத்தம் பண்ணியாகணுமே.

காட்டு அரசாங்கம் ஒரு கமிட்டி போட்டுச்சு. தலைவர், டாக்டர் ரோசலின்னு ஒரு பூநாரை. வெளிநாட்டுலேர்ந்து வருஷத்துக்குக் கொஞ்ச மாசம் வந்து தங்கிட்டுப் போறவங்க. வந்து போறவங்களுக்குத்தானே இங்கயே கெடக்கறவங்க பிரச்சனை நல்லாப் புரியும்? செயலாளர், நண்டு தாமோதரன். எந்த ஃபைலக் குடுத்தாலும் முன்னாடியும் போகாம பின்னாடியும் போகாம பக்கவாட்டுலயே நகர்த்தத் தெரிஞ்ச அனுபவசாலி.

ரோசலின் மேடம் பழைய தகுதிக் கட்டமைப்பை வாங்கிப் பார்த்தாங்க. தகுதிக் கட்டமைப்புன்னா பயந்துறாதீங்க. காட்டுல யாரு எந்தப் படியில நிக்கணும்னு ஒரு பட்டியல், அவ்வளவுதான். அதுல பத்து படி இருந்துச்சு.

"பத்தா? எங்க பக்கத்துல எல்லாம் எட்டுதான்."

"அப்ப ரெண்டை எடுத்துரலாங்க மேடம்."

"இதென்ன, 'நாலு காலும் இருக்கும், வாலும் இருக்கும்'னு ஒரு நிலை? ஒண்ணு குஞ்சா இருக்கணும், இல்ல பறவையா இருக்கணும். நடுவுல நிக்கிற ரெண்டுங்கெட்டானுக்கு எதுக்கு ஒரு படி?"

"அடிச்சாச்சுங்க மேடம்."

அடிச்ச இன்னொரு நிலை எதுன்னு இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது. அந்த நிலையில இருந்தவங்களுக்கே தெரியாது.

ஆக, புதுச் சட்டப்படி மூணாம் நிலை தலைப்பிரட்டை: வால் இருக்கணும், கால் கூடாது. நாலாம் நிலை தவளை: கால் இருக்கணும், வால் கூடாது. நாலாம் நிலைச் சான்றிதழாவது இல்லாம யாரும் குளத்தை விட்டுக் கரையேறக் கூடாது. தரம் முக்கியம் இல்லையா?

சட்டம்னா ஓட்டெடுப்பு வேணும். குளத்துச் சபையில இருக்கறது எல்லாம் பெரிய தவளைங்க. வழக்கம் என்னன்னா, குரல் வாக்கெடுப்பு. ஒரு சாயங்காலம் சபையக் கூட்டி, மேடம் நூத்துப்பத்துப் பக்க மசோதாவை மேசையில வச்சு, "ஆதரிக்கிறவங்க குரல் கொடுக்கலாம்"னு சொல்லி வாய மூடல, டமார்னு வானம் இடிச்சுச்சு. கோடை மழை. நாலு மாசத் தாகத்துக்கு அப்புறம் மொத மழை. மழை வந்தா தவளை என்ன பண்ணும்? பக்கம் எழுபத்திரெண்டுல ஷரத்து பதினொண்ணை எடுத்து வச்சு வாசிக்குமா? தொண்டை கிழியக் கத்துச்சுங்க. ஒண்ணு பாக்கியில்லாம கத்துச்சுங்க.

"ஏகமனதாக நிறைவேறியது"னு தாமோதரன் எழுதிக்கிட்டாரு.

கத்தி முடிச்ச கையோட அதே மழையில ஜோடி சேர்ந்து முட்டையும் போட்டுச்சுங்க. அதாவது, பிள்ளைங்களப் பெத்துக்கிட்ட அதே சாயங்காலம் அதுங்க தலையில கல்லையும் தூக்கிப் போட்டாச்சு. பொறுப்பான பெத்தவங்க.

வாரங்கள் ஓடுச்சு. மழை அதோட சரி. வெயில் ஏற ஏறப் பெரிய தவளைங்க எல்லாம் சேத்துக்குள்ள பொதைஞ்சு தூங்கப் போயிருச்சுங்க. குளத்துல மிச்சம் இருந்தது நாப்பது பேர். நாப்பது பேருக்கும் நாலு காலும் வந்தாச்சு. செவுள் மூடி நுரையீரலும் வந்தாச்சு. வால் மட்டும் பாதி நிக்குது. முழுசாச் சுருங்க இன்னும் ரெண்டு வாரம் ஆகும். குளத்துல தண்ணி ஒம்போது நாளைக்குத்தான் வரும். கணக்குத் தெரிஞ்சவங்க கணக்குப் போட்டுக்கங்க.

அந்த நாப்பதுல ஒருத்தி தவமணி. வாய் ஜாஸ்தி. மீனைக் கூப்பிட்டு 'நீ நீந்தறது தப்பு'ன்னு சொல்லி, மீனையும் ஒரு நிமிஷம் யோசிக்க வச்சவ. இன்னொருத்தன் எட்வின். 'ஏதேனும் ஐந்து வினாக்களுக்கு விடையளி'ன்னா எட்டுக்கும் எழுதி, பக்கத்துக்கு நம்பர் போட்டு, நூல் கட்டிக் குடுக்கற ரகம். ரெண்டும் நகமும் சதையும். எது நகம்னு சொல்ல வேண்டியதில்ல.

கரையிலேர்ந்து பத்தடி தள்ளி நாணல் புதர். அதுக்கு அடியில நெழலு, ஈரம் எல்லாம் இருக்கு. அங்க போயிட்டா உயிர் பொழைக்கலாம். தவமணி மொத ஆளா ஏறினா. கரை ஓரத்துல கட்டெறும்புங்க வரிசையா காவலுக்கு நிக்குதுங்க.

"சான்றிதழ்?" மொத எறும்பு கேட்டுச்சு.

"என்ன சான்றிதழ்? கால் இருக்கு பாரு. எண்ணிக்க. நாலு."

"வாலும் இருக்கே."

"சரி, அப்ப மூணாம் நிலைன்னு வச்சுக்க."

"மூணாம் நிலைக்குக் கால் கூடாது."

"அப்ப நான் யாருய்யா?"

எறும்பு கொஞ்சம் யோசிச்சுச்சு. "எனக்கு மேல இருக்கறவரக் கேக்கணும்."

"உனக்கு மேல யாரு?"

"எனக்கு முன்னாடி நிக்கிறவரு."

தவமணி தண்ணி ஓரமாவே நீந்திப் போயி அவரக் கேட்டா. அவரு அவருக்கு முன்னாடி நிக்கிறவரக் காட்டினாரு. அவரு அடுத்தவர. வரிசை குளத்தச் சுத்தி, மதகத் தாண்டி, ஒரு முழு வட்டம் போட்டு, அந்த மொத எறும்புக்குப் பின்னாடியே வந்து முடிஞ்சுச்சு.

"என்ன, மேலிடத்துல கேட்டியா?"ன்னு கேட்டுச்சு மொத எறும்பு.

"கேட்டேன். மேலிடமே நீதானாம்."

"அப்படியா? எனக்கு ஆர்டர் வரலியே."

ஒரு நாள் காலி.

எட்வின் சொன்னான், "முறைப்படி போலாம் தவமணி. ஆன்லைன்ல அப்ளை பண்ணணுமாம். வலைத்தளம் இருக்காம்."

மதகு மூலையில போயிப் பார்த்தா, நெசமாவே வலை. விண்ணப்பத்த இலையில எழுதி அதுல ஒட்டணும். ஏற்கெனவே அப்ளை பண்ண வந்த கொசு ஒண்ணு நடுவுல தொங்கிக்கிட்டு இருந்துச்சு. அதுக்குப் பக்கத்துல ஒரு அட்டை: 'தங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது.' எட்வின் அப்பவும் ரெண்டு காப்பி எழுதி ஒட்டினான். வலை அறுந்துச்சு. சர்வர் டவுன். சிலந்தி திரும்பக் கட்டி முடிக்க இன்னொரு நாள் காலி.

மூணாம் நாள் நேராவே பார்த்துரலாம்னு தண்ணி ஓரமா இருந்த தாமோதரன் பொந்துக்குப் போனாங்க. வாசல்ல 'சமநிலைச் சான்றிதழ் பிரிவு'ன்னு போர்டு. டோக்கன் எடுத்து, சாப்பாட்டு இடைவேளை முடிஞ்சு, டீ இடைவேளை முடிஞ்சு, உள்ள கூப்பிட்டாரு.

"என்னம்மா வேணும்?"

"சமநிலைச் சான்றிதழ் சார்."

"எது எதுக்கு சமம்?"

"பழைய கட்டமைப்புல காலும் வாலும் இருந்தா ஒரு நிலை இருந்துச்சுல்ல, அதுக்குப் புதுசுல எது சமம்னு."

"எதுவும் சமம் இல்ல."

"சரி, அதையாவது எழுதிக் குடுங்க."

"எழுதிக் குடுக்கலாம். விண்ணப்பத்துல உன் தற்போதைய நிலை எதுன்னு ஒரு கட்டம் இருக்கு. நிரப்பிக் குடு."

"எனக்கு நிலையே இல்லன்னுதான சார் வந்திருக்கேன்!"

"நிலை இல்லாதவங்க விண்ணப்பிக்க முடியாதும்மா. விதி."

எட்வின் மெதுவா, "சார், குளம் இன்னும் ஆறு நாள்ல வத்திரும் சார்"னான்.

தாமோதரன் முகம் கனிஞ்சுச்சு. கெட்டவரு ஒண்ணும் இல்ல. கெட்டவரா இருந்தா சண்டையாவது போடலாம். ஒரு வழவழ தாளை எடுத்து நீட்டினாரு. "தம்பி, புதுச் சட்டத்துல மாணவர் நலனுக்குன்னே ஒண்ணு வச்சிருக்கோம். படிப்புல எந்தக் கட்டத்துல வேணும்னாலும் வெளியேறிக்கலாம். கையோட பட்டயம். உனக்கு இப்பவே பிரட்டையியல்ல டிப்ளமா தரேன். வெளியேறிக்கோ."

"வெளியேறலாமா?" தவமணி துள்ளினா. "இப்பவேவா?"

"இப்பவே. படிப்புலேர்ந்து."

"குளத்துலேர்ந்து?"

"அது வேற துறை."

தவமணி வாலைத் திருப்பி அவரு கொடுக்குக்கு முன்னாடி நீட்டினா. "வாலுதான பிரச்சனை? ஒரே வெட்டு. வெட்டுங்க சார். உங்ககிட்டதான் கத்திரிக்கோல் ரெண்டு இருக்கே."

"நான் ஆவணப் பிரிவும்மா. வெட்டறது கொள்கை முடிவு. அதுவும் இல்லாம வால் இயல்பாச் சுருங்கியிருக்கணும். வெட்டுன வாலோட வந்தா ஆள்மாறாட்டத்துல புக் பண்ணிருவாங்க. மூணு வருஷம் பரீட்சை எழுத முடியாது."

"மூணு வருஷமா? எங்களுக்கு இருக்கறதே ஆறு நாள் சார்!"

"அப்ப அந்தத் தண்டனை உன்னப் பாதிக்காது. நல்லதுதான?"

வெளிய வந்ததும் எட்வின் ஒரு யோசனை சொன்னான். "சட்டம் தப்புன்னா சட்டத்தத் திருத்தணும். திருத்தம் யாரு பண்ண முடியும்? சபை. போயிக் கேப்போம்."

சபையில மூத்த உறுப்பினர் பேராசிரியர் கனகசபை, தவளை. குளத்து நடுவுல சேத்துக்குள்ள ஒரு சாண் ஆழத்துல தூங்கிக்கிட்டு இருந்தாரு. பாதி நாள் தோண்டினாங்க. ஒத்தக் கண்ணத் தொறந்தாரு.

"ஐயா, அந்தச் சட்டத்துக்கு ஏன் ஆதரவு குடுத்தீங்க?"ன்னு கேட்டா தவமணி.

"நானா? நான் எங்கம்மா ஆதரிச்சேன்? மழை பெஞ்சுச்சு, கத்தினேன்."

"உங்க கத்தலத்தான் ஆதரவுன்னு எழுதிக்கிட்டாங்க."

"அய்யய்யோ. அநியாயமா இருக்கே." உண்மையாவே வருத்தப்பட்டாரு. "கண்டிக்கத்தக்கது."

"அப்ப எழுந்திரிங்க. சபையக் கூட்டி, திருத்தம் வேணும்னு ஒரு குரல் குடுங்க. ஒரே ஒரு குரல்."

"இப்பவா? இந்த வெயில்லயா? தொண்டை எழும்பாதும்மா. மழை வரட்டும், மொத ஆளா நான் கத்தறேன்."

"மழை வந்தா குளம் நெறைஞ்சுரும் ஐயா! அதுக்கப்புறம் நீங்க திருத்தினா என்ன, திருத்தாட்டி என்ன? நாங்க இருக்க மாட்டோம்!"

"அப்படிச் சொல்லாத. அடுத்த பேட்சுக்கு உதவும்ல?"

கண்ண மூடிக்கிட்டாரு. சேறும் தானா மூடிக்கிச்சு. குறட்டை மட்டும் வந்துச்சு. அதுக்குத் தொண்டை எழும்புது பாருங்க.

அஞ்சு நாள் பாக்கி. தண்ணி வயித்த நனைக்கிற அளவுக்கு எறங்கிருச்சு. சின்னப் பிரட்டைங்க அழ ஆரம்பிச்சுருச்சுங்க. தவமணி ஒரு கல்லு மேல ஏறி உக்காந்து, யாரத் திட்டலாம்னு பார்த்துக்கிட்டு இருந்தா. கரைக்கு அந்தப் பக்கம் முள்வேலி. வேலி மேல ஓணான் மாடசாமி வெயில் காஞ்சுக்கிட்டு இருந்தாரு. நாலு காலு. ஒரு வாலு. எந்த எறும்பும் ஒரு வார்த்தை கேக்கல.

"அண்ணே!" தவமணி கத்தினா. "நீங்க எத்தனாம் நிலை?"

"அஞ்சும்மா."

"அஞ்சா! தவளைக்கும் மேலயா? உங்களுக்கும்தான வால் இருக்கு?"

"இருக்கு."

"என்ன படிச்சீங்க?"

"நான் எங்க தங்கச்சி படிச்சேன்? அந்தச் செவப்புக் காலு அம்மா வந்தாங்க. 'இந்தக் கட்டமைப்பு எப்படி இருக்கு'ன்னாங்க. எனக்குச் சும்மாவே தலை ஆடும், பொறவியிலேர்ந்தே அப்படி. பார்த்துட்டு 'அருமையான கருத்து'ன்னு சொல்லி அஞ்சாம் நிலை குடுத்துட்டுப் போயிட்டாங்க."

தவமணி, எட்வின் வச்சிருந்த சட்டப் புத்தகத்த எடுத்து அஞ்சாம் நிலையப் படிச்சா. 'ஓணான்: நாலு கால், ஒரு வால். தரையில் நடக்க வேண்டும். தலையாட்டத் தெரிந்திருக்க வேண்டும். எதிர்த்துப் பேசக் கூடாது.' அதுக்குக் கீழ சின்ன எழுத்துல இன்னொண்ணு: 'அஞ்சாம் நிலையினர் மற்றவரை மதிப்பீடு செய்து சான்றளிக்கலாம்.'

ரெண்டு தடவை படிச்சா. எந்த வரியிலயும் பொறக்கும்போதே ஓணானா இருக்கணும்னு போடல. போடுவாங்களா? யாராவது அதெல்லாம் யோசிப்பாங்கன்னு அவங்க நெனச்சுக்கூடப் பார்த்திருக்க மாட்டாங்க.

"எட்வின்! நான் ஓணானுக்கு அப்ளை பண்ணப் போறேன்."

"பைத்தியமாடி உனக்கு? நீ தவளை."

"இந்தச் சட்டத்துல நான் ஒண்ணுமே இல்லடா. ஒண்ணுமே இல்லாததுக்கு ஓணான் தேவல."

"பொய் சொல்லிப் பொழைக்கறதா?"

"உண்மையச் சொல்லிப் பாத்தோம்ல, நாலு நாளா? யாராவது கேட்டாங்களா?"

"நான் தவளையாகத்தான் படிச்சேன். தவளையாத்தான் ஏறுவேன்."

"கருவாடாத்தான் ஏறுவ."

எட்வின் மூஞ்சியத் திருப்பிக்கிட்டான். அதுங்களுக்குள்ள அதுதான் மொத சண்டை.

தேர்வுக்குத் தேதி குடுக்கவே மூணு நாள் ஆச்சு. மதகுத் திட்டு மேல ரோசலின் மேடமும் தாமோதரனும் உக்காந்திருந்தாங்க. தவமணி முன்னாடி போயி நின்னா. வாய இறுக்கி மூடிக்கிட்டா. அவ வாழ்க்கையில அதுக்கு முன்னாடி அவ்வளவு கஷ்டமான பரீட்சைய எழுதுனதில்ல.

"நீ ஓணானா?"

தலையாட்டினா.

"நாலு கால், ஒரு வால்?"

ஆட்டினா.

"எண்ணி சரிபார்த்தாச்சுங்க மேடம்"னாரு தாமோதரன். நாலு நாளைக்கு முன்னாடி அதே காலையும் அதே வாலையும் பார்த்தவருதான். ஆனா அப்ப அது வேற விண்ணப்பம்.

"குட். கடைசியா ஒரு கேள்வி. கருத்துக் கேட்பு. இந்தப் புதுச் சட்டத்தால மாணவர்களுக்கு ஏதாவது கஷ்டம் இருக்கா?"

தவமணிக்கு உச்சந்தலை வரைக்கும் ஜிவ்வுன்னு ஏறுச்சு. ஏழு நாளா சேத்து வச்ச அத்தனை பேச்சும் தொண்டையில வந்து முட்டுச்சு. வாயத் தொறந்தா எதிர்த்துப் பேசுனதாயிரும், ஃபெயில். தொறக்கல. ஆட்டினா. இருக்குன்னு ஆட்டினா. கழுத்து சுளுக்கற அளவுக்கு, மேல ஒட்டியிருந்த சேறெல்லாம் நாலு பக்கமும் தெறிக்க, இருக்கு இருக்கு இருக்குன்னு ஆட்டினா.

ரோசலின் மேடம் றெக்கையில ஒட்டுன சேத்தத் தட்டி விட்டாங்க. "வாவ். எவ்வளவு உற்சாகம்!"

தாமோதரன் எழுதினாரு: 'மாணவி மிகுந்த திருப்தி தெரிவித்தார்.'

தவமணி எட்டிப் பார்த்தா. படிவத்துல அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு கட்டம்தான் இருந்துச்சு. 'திருப்தி'ன்னு போட்டிருந்துச்சு. பக்கத்துல டிக் அடிக்க இடம்.

சான்றிதழும் வந்துச்சு, மதிப்பீட்டாளர் முத்திரையும் வந்துச்சு. கட்டெறும்பு அதப் பார்த்துட்டு சல்யூட் அடிச்சு, "வாங்க ஓணான் மேடம்"னுச்சு. பத்தடி தள்ளி நாணலு. ஜில்லுன்னு நெழலு. பேசாம போயிப் படுத்திருக்கலாம். நாட்டுல நெறைய பேரு அப்படித்தான் படுத்திருக்காங்க.

தவமணி கரையிலயே நின்னுக்கிட்டா. "எல்லாரும் வரிசையா வாங்க. கேள்வி ஒண்ணுதான். நீ ஓணானா?"

சின்னப் பிரட்டைங்களுக்கு ஓணான்னா என்னன்னே தெரியாது. ஆட்டுச்சுங்க. ஆட்ட ஆட்ட முத்திரை குத்தினா. மறுநாள் பொழுது சாயறதுக்குள்ள முப்பத்தெட்டு ஓணானுங்க கரையேறி, நாணலுக்குள்ள போயிருச்சுங்க. தாமோதரன் வந்து எட்டிப் பார்த்துட்டு, "எல்லாத்துக்கும் ஆவணம் இருக்குல்ல?"ன்னு மட்டும் கேட்டாரு. இருந்துச்சு. போயிட்டாரு.

ஒம்போதாம் நாள். குளத்துல உள்ளங்கை அளவு சேறு. அதுல எட்வின் மட்டும் ஒக்காந்திருந்தான். தோல் எல்லாம் சுருங்கி, உதடு வெடிச்சு.

"எட்வின். ஒரே ஒரு தடவை ஆட்டுடா."

"மாட்டேன்."

"யாரும் பார்க்கல. எறும்பும் நானும்தான்."

"நான் பார்ப்பேன்ல?"

"பார்க்கறதுக்கு நீ உயிரோட இருக்கணும்டா லூசு!"

"அவங்க பண்ணது தப்பு தவமணி. நாம எல்லாரும் ஆட்டிட்டா, தப்புன்னு ஒருத்தனும் சொல்லலன்னு ஆயிரும்."

அவன் சொன்னது சரி. சரியா இருந்ததாலதான் தவமணிக்கு அழுகை வந்துச்சு. "சொல்லு. ஏறி வந்து சொல்லு. தெனம் சொல்லு. நானும் கூட நின்னு சொல்றேன். செத்தவன் சொல்றத எந்தக் கட்டத்துலடா எழுதுவாங்க?"

எட்வின் பதில் சொல்ல வாயத் தொறந்தான். வெயில் உச்சிக்கு வந்திருச்சு. கண்ணு சொருகுச்சு. தலை ஒரு தடவை மேல போச்சு, அப்படியே தொபுக்குன்னு முன்னாடி விழுந்துச்சு.

தவமணி முத்திரையக் குத்திட்டா.

கட்டெறும்பு குறுக்க வந்துச்சு. "மேடம், அது ஆட்டுனது இல்ல. மயங்கி விழுந்தது."

"மேல போச்சா?"

"போச்சு."

"கீழ வந்துச்சா?"

"வந்துச்சு."

"அதுக்குப் பேரு என்ன உங்க ஊர்ல?"

எறும்பு யோசிச்சுச்சு. மேலிடத்தக் கேக்கலாமான்னு வரிசையப் பார்த்துச்சு. வரிசை ரொம்ப நீளமா இருந்துச்சு. ஒதுங்கிக்கிச்சு.

மயங்கிக் கெடக்கறவன எப்படி இழுக்கறது? தோல் எங்க புடிச்சாலும் வழுக்குது. புடிச்சு இழுக்க ஒரே ஒரு எடம்தான் இருந்துச்சு. வால். முப்பத்தெட்டு பேரும் நாணல்லேர்ந்து ஓடி வந்து, சட்டத்துல இருக்கவே கூடாத அந்த வாலைப் புடிச்சு, ஏலேலோன்னு பத்தடி இழுத்து நெழல்ல போட்டாங்க. எட்வின் பொழைச்சுக்கிட்டான். கண்ணு முழிச்சதும் சான்றிதழப் பார்த்துட்டு ரெண்டு நாள் தவமணியோட பேசல. மூணாம் நாள் பேசினான். திட்டத்தான்.

ஒரு வாரத்துல எல்லாருக்கும் வால் தானா சுருங்கிருச்சு. யாரும் விண்ணப்பிக்கல, யாரும் மதிப்பீடு பண்ணல, அதுபாட்டுக்குப் போயிருச்சு. அசல் தவளைங்க, நாப்பது. கையில ஓணான் சான்றிதழ், நாப்பது.

ரோசலின் மேடம் ஆண்டறிக்கை எழுதினாங்க: 'சீர்திருத்தத்தின் பயனாக அந்தக் குளத்தின் மாணவர்கள் நூறு சதவீதம் நாலாம் நிலையைத் தாண்டி நேரடியாக ஐந்தாம் நிலைக்கு உயர்ந்தனர்.' பொய்யின்னு ஒரு வார்த்தையக் காட்டுங்க பாப்போம். அதுக்கு அவங்க ஊர்ல விருது குடுக்கறதா சொன்னாங்க, பறந்து போயிட்டாங்க.

ஆடி பொறந்து வேலைவாய்ப்பு அறிவிப்பு வந்துச்சு. மழை அறிவிப்பாளர் பணி. ஒரே ஒரு இடம். வேலை, மழை வந்தா கத்தணும். தகுதி, நாலாம் நிலை, தவளை. எட்வினுக்காகவே பண்ண மாதிரி வேலை. ஃபைல் கட்டிக்கிட்டுப் போனான். தவமணியும் கூடப் போனா, சண்டை போட ஆள் வேணும்ல.

தாமோதரன் சான்றிதழப் பார்த்தாரு. "ஓணான். அஞ்சாம் நிலை. ஸாரி தம்பி, தகுதி அதிகமா இருக்கு."

"சார், நான் தவளை சார். என்னப் பாருங்க."

"உன்னப் பார்க்க எனக்கு அதிகாரம் இல்ல. சான்றிதழத்தான் பார்க்கலாம்."

"கத்திக் காட்டட்டுமா?"

"ஓணான் கத்துனா ஒழுங்கு நடவடிக்கை."

தவமணி மேசையத் தட்டினா. "அப்ப இவனுக்கு என்ன வேலைதான் சார் தருவீங்க?"

தாமோதரன் பட்டியலப் புரட்டினாரு. மனசு நல்ல மனசு, சொன்னேன்ல. "முள்வேலியில ஒரு இடம் காலி இருக்கு. மேல உக்காந்து வெயில் காயணும். யாராவது ஏதாவது கேட்டா ஆட்டணும். காலையில பத்துலேர்ந்து அஞ்சு."

"தவளைத் தோலு சார்! வெயில்ல ஒரு மணி நேரம் தாங்காது!"

"குடை வச்சுக்கலாம்."

"ஆங்! குடை வச்சுக்கலாமா?"

"ஆறாம் நிலையில இருக்கறவங்க வச்சுக்கலாம்."

ரெண்டு பேரும் வெளிய வந்து மரத்தடியில உக்காந்தாங்க. எட்வின், அவனே சட்டத்த எடுத்து, அவனே பக்கத்தப் புரட்டி, ஆறாம் நிலையத் தேடிப் படிச்சான். 'வௌவால்: தலைகீழாகத் தொங்கத் தெரிந்திருக்க வேண்டும்.'

புத்தகத்த மூடி வச்சான். அண்ணாந்து பார்த்தான்.

"தவமணி, அந்தத் தாழ்வான கிளை இருக்குல்ல. அது என்னத் தாங்குமாடி?"

நீதி: படிச்சவனுக்கு வால் இருக்கக் கூடாது. தலை இருக்கலாம், ஆட்டறதுக்கும் தொங்கறதுக்கும் மட்டும்.